கூறைக்குக் கொண்டுபோன காசு

சுன்னாகத்துப் புடவைக்கடையின் காசுமேசைக்கு மேலே ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. உள்ளே நுழைந்தபோதே பத்மாசினி அதைக் கண்டிருந்தாள், வாசிக்கத்தான் இல்லை. மகனின் கலியாணத்துக்குக் கூறை எடுக்க வந்தவள் சுவரை வாசித்துக்கொண்டு நிற்பாளா? அவளுடைய கண் வெள்ளை மெத்தையில் விரித்துப்போட்ட சேலைகளில் இருந்தது. அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த வருங்கால மருமகள் கோபிகாவின் முகத்தில் இருந்தது. கோபிகாவின் தாய்மாமன் நமசிவாயத்தின் கைக்கடிகாரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு இராகு காலம். அதற்குள் கூறையைத் தெரிந்து, காசைக் கொடுத்து, கையில் வாங்கிவிட வேண்டும்.

கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டின் பாடு. பெண்ணுக்கு வீடு எழுதுவதும் நகை போடுவதும் பெண் வீட்டின் கடமை என்று விட்டுவிடும் ஊர், அவள் உடுத்திக்கொண்டு மணவறைக்கு வரும் அந்த ஒரு சேலை யாருடைய காசில் வந்தது என்பதை மட்டும் மறக்காது. சண்டிலிப்பாயில் நமசிவாயம் தகப்பனில்லாத மருமகள் கோபிகாவுக்கு வீடு கொடுத்திருந்தார், காணி கொடுத்திருந்தார், கரையோரத்துப் பையனொருவனுக்கு அவளைக் கொடுக்கவும், ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, சம்மதித்திருந்தார். இந்தப் பக்கத்தில் தாலிக்கொடிக்காகப் பத்மாசினியின் கணவன் தியாகலிங்கம் தன் இரண்டாவது வள்ளத்தை விற்றிருந்தான். கூறை மட்டும் அவளுடையது. அவள் தன் கையால் உழைத்துத் தன் கையால் கொடுக்கப்போகும் காசு.

அந்த உழைப்பு இன்னதென்று பெண் வீட்டாருக்குத் தெரியாது. பத்மாசினி மீன் விற்பவள். காங்கேசன்துறைக்கு மேற்கேயுள்ள கரையில் விடியப்புறம் வள்ளங்கள் வந்து சேர்ந்ததும் மீனை ஏலத்தில் எடுத்துக்கொண்டு, இதே சுன்னாகத்துச் சந்தைக்கு வந்து, ஒரு பலகைக்குப் பின்னால் குந்தியிருந்து விற்பாள். “எங்களுக்கு வள்ளங்கள் இருக்கு, அம்மா வீட்டிலைதான்” என்று மகன் சுபாங்கன் பெண் வீட்டில் சொல்லியிருந்தான். அவன் யாழ்ப்பாணத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் கழுத்துப்பட்டி கட்டி வேலை செய்பவன். அவன் சொன்னதை அவள் திருத்தவில்லை. திருத்துவதால் யாருக்கு நன்மை?

மீன் விற்ற காசு ஈரக் காசு. நூறும் ஐந்நூறுமாக வரும் தாள்களில் செதில் ஒட்டியிருக்கும். வெயிலில் காயவைத்தாலும் கவிச்சை போகாது. அந்தக் காசைப் பெண் வீட்டார் முன்னிலையில் எப்படி எண்ணிக் கொடுப்பது என்ற கவலை அவளுக்குக் கூறைக்காகச் சேர்க்கத் தொடங்கிய நாள் முதலே இருந்தது. பணம் பெரிதாகப் பெரிதாக மணம் குறைகிறது என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். ஐயாயிரம் ரூபாத் தாள் சந்தைப் பக்கம் வருவது குறைவு. அது வங்கியிலிருந்து வந்து வங்கிக்கே போகும் காசு. ஆகையால் ஐஸ் கொம்பனிக் கணக்கப்பிள்ளையைக் கெஞ்சி, சில்லறைத் தாள்களைக் கொடுத்து, மாதத்துக்கு ஒன்றாக, சிலவேளை ஒன்றுக்கு மேற்பட்டதாக, மொடமொடப்பான ஐயாயிரங்களாக மாற்றினாள். அவற்றைத் தன் கலியாணச் சேலையின் மடிப்புக்குள் கற்பூரத்தோடு வைத்தாள். மங்கலக் காரியத்துக்கு எடுக்கும் காசில் சந்தனமும் குங்குமமும் தொட்டு வைப்பது அவர்களுடைய பழக்கம். மேலே இருக்கும் தாளில் தொட்டால் போதும். அன்று காலை அவள் பிள்ளையார் கோயிலடியில் நின்று ஒவ்வொரு தாளிலும் தொட்டாள்.

“என்ரை கணக்கிலை போட்டுவிடுங்கோ அம்மா, வங்கிக் காட்டாலை குடுப்பம்” என்று சுபாங்கன் போன மாதமே சொல்லியிருந்தான்.

“காட்டை ஆர் காணப்போகினம்? கையாலை எண்ணிக் குடுக்கிறதைத்தான் சனம் காணும்” என்று அவள் மறுத்துவிட்டாள்.

கோபிகா அரக்குச் சிவப்பில் பொன் வேலை செய்த சேலையொன்றை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். “மாமி, இது உங்களுக்குப் பிடிச்சிருக்கோ?”

“உமக்குப் பிடிச்சால் எனக்கும் பிடிக்கும் பிள்ளை.” உண்மையில், விரித்த கணத்திலேயே பத்மாசினி மனதுக்குள் எடுத்துவைத்த சேலை அதுதான்.

அவள் எழுந்து காசுமேசைக்குப் போனாள். கைப்பையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து, தாள்களை விசிறிபோலச் சற்று விரித்து, எல்லோரும் காணும்படி வைத்தாள். காசுமேசையில் இருந்த நிவேதனா என்ற பெண் அவற்றைத் தொடவில்லை.

“ஐயாயிரம் தாள் எடுக்கிறேல்லை அம்மா. மேலை போட்டிருக்கு.”

“என்ன பிள்ளை சொல்லுறீர்? காசு எடுக்கிறேல்லையோ?”

“காசு எடுப்பம். ஐயாயிரம்தான் இல்லை.” அந்தப் பெண் குரலைத் தணித்தாள். “போன கிழமை மூண்டு கள்ளத்தாள் வந்திட்டுது அம்மா. என்ரை சம்பளத்திலைதான் கழிச்சவை. ஆயிரமாத் தாங்கோ, ஐந்நூறாத் தாங்கோ. இல்லாட்டிக் காட் குடுங்கோ.”

பத்மாசினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை. ஐந்நூறுகளைத்தான் இரண்டு வருடமாக வீட்டைவிட்டு விரட்டிக்கொண்டிருந்தாள்.

பேச்சுக்குரல் கேட்டுக் கடை முதலாளி கஜீவன் வந்தான். அவனை அவளுக்குத் தெரியும். அவனுடைய தாய் இராசமலர் அவளிடம் நெடுங்காலமாக மீன் வாங்குபவள். தாய் பேரம் பேசி முடிக்கும்வரை இவன் சந்தை வாசலில் மோட்டார்சைக்கிளில் தலைக்கவசத்தைக் கழற்றாமல் இருப்பான். ஒருநாளும் அவள் முகத்தைப் பார்த்தவனல்லன். பட்டும் பூவுமாக நிற்பவளை இன்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை என்பது கடைக்குள் வந்தபோது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

“கூறைக் காரியம். இல்லையெண்டு சொல்லக்கூடாது” என்றான் கஜீவன் பெருந்தன்மையோடு. “மெசினிலை போட்டுப் பாரும் பிள்ளை. சரியெண்டால் எடுப்பம்.”

நிவேதனா முதல் தாளைச் செருகினாள். காசு பார்க்கும் இயந்திரம் அதை இழுத்தது, பாதியில் நின்றது, கீச்சென்று கத்தியது. இரண்டாவது தாளுக்கும் கத்தியது. மூன்றாவதை அவள் துடைத்துவிட்டுச் செருகினாள். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்து இயந்திரத்தின் வாயில் படிந்தது; அது மறுபடியும் கத்தியது. சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். நிவேதனா குங்குமம் பட்ட விரலை மேசைத் துணியில் ஒருதரம் துடைத்தாள். போதாதென்று இன்னொருதரம் துடைத்தாள்.

“அம்மா, உது எங்கை எடுத்த காசு?” என்று கேட்டான் கஜீவன். குரலில் கோபமில்லை, கடை நடத்துபவனின் கவனம் மட்டுமே இருந்தது.

‘உன்ரை வீட்டுச் சட்டியிலை கொதிக்கிற மீன் வித்து எடுத்த காசு. உன்ரை கொம்மாவைக் கேள், அவ சொல்லுவா.’ சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் முதுகுக்குப் பின்னால் நமசிவாயம் நின்றார். அவருக்குப் பின்னால் கோபிகா இருந்தாள். பத்மாசினி அதை விழுங்கிவிட்டாள்.

“சேத்து வைச்ச காசு தம்பி. நல்ல காசு.”

“நல்ல காசாத்தான் இருக்கும். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. மெசின் சொல்லுது.”

நமசிவாயம் கடிகாரத்தைப் பார்த்தார். சம்பந்தம் முற்றாகி மூன்று மாதமாகியும் அவளை எந்த முறை சொல்லி அழைப்பதென்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அவளோடு பேசவேண்டிய இடங்களில் பொதுவாகக் காற்றைப் பார்த்துப் பேசுவார். இப்போதும் அப்படியே பேசினார். “நேரம் போகுது. நான் காட்டைப் போட்டுவிடுறன். காசை ஆறுதலாப் பாக்கலாம்.”

“வேண்டாம் அண்ணை. கூறை எங்கடை காசிலைதான் எடுக்கவேணும். பக்கத்திலை மாத்திக்கொண்டு ஓடி வாறன்.”

“அம்மா, நாளைக்கு வங்கியிலை மாத்தி மாமாவுக்குக் குடுப்பம்” என்றான் சுபாங்கன். “என்ரை காட்டிலை கிடந்ததை மண்டபத்துக்குக் கட்டிப்போட்டன். காசு காசுதானே. இதிலை என்ன கிடக்கு?”

“இதிலைதான் எல்லாம் கிடக்கு தம்பி. நீ இரு. ஒருத்தரும் ஒண்டும் குடுக்கவேண்டாம். நான் வாறன்.”

அவள் தெருவில் இறங்கினாள். மருந்துக்கடைக்காரர் தன் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலை விரலால் காட்டினார். புடவைக்கடையில் இருந்ததைப் போன்றது. சாப்பாட்டுக்கடையில், “தேத்தண்ணிக்கோ அம்மா, ஐயாயிரம்?” என்று கேட்டுவிட்டு ஒருவன் சிரித்தான். வங்கிக்குள் இலக்கத்துண்டு எடுத்துக்கொண்டு சனம் சுவரோரமாக நின்றது. அவளுக்குக் கிடைக்கக்கூடிய இலக்கம் மத்தியானத்துக்கு உரியது. பழக்கடை, பாத்திரக்கடை, தொலைபேசிக்கடை. ஒரு தெரு முழுவதும் அவள் காசை நீட்டிக்கொண்டு போனாள். கையில் இவ்வளவு பணத்தோடு இத்தனை பேரிடம் இரந்து நின்ற நாள் அவளுடைய வாழ்க்கையில், இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த காலத்திலும், இருந்ததில்லை.

போகவேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது. அன்று எங்கே கால்வைக்கக்கூடாது என்று நினைத்து வந்தாளோ, அங்கேதான்.

மீன்சந்தையில் கத்தரீனா பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். இருபது வருடமாகப் பக்கத்துப் பலகைக்காரி. “ஆரடி உது, பட்டும் பூவுமா? கூறை எடுக்கப் போனவளுக்குச் சூடை மீன் வாங்கிற ஆசை வந்திட்டுதோ?”

“பகிடியை விடு கத்தரீனா. உதை மாத்தித் தா. கடையிலை ஐயாயிரம் எடுக்கமாட்டினமாம். பத்தரைக்கு முன்னம் போகவேணும்.”

“குங்குமக் காசோ? நான் வேதக்காரி. பங்குச் சுவாமி அறிஞ்சால் கோயில்லை வைச்சு ஏசுவார்.” சொல்லிக்கொண்டே அவள் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்திவிட்டு மடியை அவிழ்த்தாள். “இன்னாசித்தம்பி அண்ணை, உம்மட்டை எவ்வளவு கிடக்கு? எல்லாத்தையும் எடும். இவளின்ரை மானம் போகுது.”

மொத்தமாக மீன் எடுப்பவரான இன்னாசித்தம்பி தன் காசுக் கட்டை அப்படியே எடுத்து நீட்டினார். “கலியாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டால் வட்டியும் கேப்பன்” என்றார். நாலைந்து மடிகள் அவிழ்ந்தன. நூறுகள், ஐந்நூறுகள், மூலை சுருண்ட ஆயிரங்கள் வந்து குவிந்தன. அவள் கொடுத்த ஐயாயிரங்களை அவர்கள் வாங்கிச் செருகிக்கொண்டார்கள். எவரும் ஒரு தாளையாவது வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கவில்லை. எங்கே எடுத்த காசு என்று கேட்கவுமில்லை.

“சீலையிலை முட்டாமல் பிடியடி, பட்டெல்லே” என்று சொல்லி, கத்தரீனா எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு முடிந்து கொடுத்தாள்.

திரும்பிக் கடைக்குள் ஏறும்போது சுவர் மணிக்கூட்டைத்தான் முதலில் பார்த்தாள். நேரம் இருந்தது. இன்னும் இருந்தது. பிறகுதான் கோபிகாவின் மடியில் கடையின் பெயர் போட்ட பெட்டியைக் கண்டாள். நமசிவாயம் காட்டைப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“நல்ல நேரம் தப்பக்கூடாதெண்டு எடுத்தாச்சு” என்றார் அவர்.

பத்மாசினி மூச்சு வாங்கினாள். சுபாங்கன் கைத்தொலைபேசியில் எதையோ தடவிக்கொண்டிருந்தான். அவள் நேரே போய்ப் பையை நீட்டினாள். “பிடியுங்கோ அண்ணை. எண்ணிப் பாருங்கோ, சரியா இருக்கும்.”

பையிலிருந்து சந்தை வீசியது. நமசிவாயம் அரையடி பின்னால் நகர்ந்தார். பிறகு, நகர்ந்ததை மறைப்பதற்காகவோ என்னவோ, கடை முழுவதற்கும் கேட்கும்படி சிரித்தார். “இருக்கட்டும், இருக்கட்டும். உதெல்லாம் ஒரு காரியமோ? பிள்ளைக்கு நான் எடுத்துக் குடுத்ததெண்டு வையுங்கோ. இனி ஒரே குடும்பம்தானே.”

“இல்லை அண்ணை, நீங்கள் வாங்கத்தான் வேணும்.”

“காசைப் பற்றிக் கதைக்காதையுங்கோ. நான் அந்த மாதிரி ஆளில்லை.”

அவளுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. அவர் காசை வாங்கினால் காரியம் இங்கேயே முடிந்துவிடும். வாங்காமல் விட்டால் ஒருநாளும் முடியாது. கோபிகா பிள்ளை பெறும்போதும், அந்தப் பிள்ளை நடக்கும்போதும், அதற்கொரு கலியாணம் பேசும்போதும் இந்தக் கூறை இருந்துகொண்டேயிருக்கும். இவ்வளவு மலிவாக அவர் எதையும் வாழ்க்கையில் வாங்கியிருக்கமாட்டார்.

அந்த நிறைவில்தான் போலும், நமசிவாயம் தமக்கும் ஒரு சால்வை எடுத்தார். பணப்பையிலிருந்து ஒரு தாளை உருவி மேசையில் போட்டார். நிவேதனா தயங்கி முதலாளியைப் பார்த்தாள். கஜீவன் தானே அதை எடுத்து, இயந்திரத்தின் பக்கம் திரும்பாமலே, இழுப்பறைக்குள் போட்டு மிச்சத்தைக் கொடுத்தான்.

“அது ஐயாயிரம் இல்லையோ தம்பி?” என்று கேட்டாள் பத்மாசினி.

“ஐயா எங்களுக்குத் தெரிஞ்ச ஆள் அம்மா. அப்பா காலத்துப் பழக்கம்.”

அவள் பையை மேசையில் வைத்தாள். இனி மறைத்து எதைக் காப்பாற்றுவது?

“நானும் தெரிஞ்ச ஆள்தான். உங்கடை அம்மா இராசமலர் அக்கா கிழமையிலை ரெண்டு தரம் என்னட்டைத்தான் மீன் வாங்கிறவ. நீங்கள் வாசல்லை மோட்டச்சைக்கிளிலை நிக்கிறனீங்கள். நான் குடுக்கிற மிச்சக்காசை உங்கடை அம்மா ஒருநாளும் திருப்பிப் பாத்ததில்லை.”

கோபிகா சுபாங்கனைப் பார்த்தாள். சுபாங்கன் நிலத்தைப் பார்த்தான். கஜீவனின் முகமோ மலர்ந்துவிட்டது.

“மீன்கார அக்காவோ. கடவுளே, பட்டுச் சீலையிலை மட்டுக்கட்டேல்லை. முதலே சொல்லியிருக்கலாமே அக்கா. நீங்களெண்டு தெரிஞ்சிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பனே.”

அவன் பரிகாசம் செய்யவில்லை. மனதாரச் சொன்னான். பரிகாசமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

“சந்தையிலையோ?” என்றார் நமசிவாயம், வழக்கம்போலக் காற்றைப் பார்த்து. பிறகு சுபாங்கனிடம் திரும்பினார். “வள்ளங்கள் எண்டெல்லோ தம்பி சொன்னனீர்?”

“அதுவும் இருந்தது மாமா” என்றான் அவன்.

அவர்கள் வான் வண்டியில் ஏறிப் போனார்கள். சந்தையில் ஒரு வேலை கிடக்கிறது என்று சொல்லி அவள் பின்தங்கினாள். வா என்று வற்புறுத்த யாருக்கும் தோன்றவில்லை. பேருந்தில் நடத்துநரிடம் பையிலிருந்து ஒரு நூறு ரூபாத் தாளை எடுத்துக் கொடுத்தாள். அவன் பார்க்காமலே வாங்கிக் காதோரம் செருகிக்கொண்டான்.

தியாகலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கொண்டுபோய் அவையின்ரை வீட்டிலை வைச்சிட்டு வா. வாங்காமல் என்ன செய்வினம்?” என்றான். அவள் அடுத்த ஞாயிறு சண்டிலிப்பாய்க்குப் போனாள். நமசிவாயம் தோட்டத்தில் நிற்கிறார் என்றார்கள். அவருடைய மனைவி பனங்கட்டியோடு தேநீர் கொடுத்தாள். காசுப் பொதியை விரல் நுனியால் திரும்பத் தள்ளிவிட்டாள். “அதை நாங்கள் அப்பவே மறந்திட்டம். நீங்கள் ஏன் சுமந்துகொண்டு திரியிறியள்?”

படலை வரைக்கும் வழியனுப்ப வந்தவள் கோபிகா. அவள் படலைக் கொழுக்கியைப் பிடித்துக்கொண்டாள். “மாமி, நான் பொறுக்கச் சொன்னனான். மாமாவும் பொறுப்பம் எண்டுதான் நிண்டவர். இவர்தான், ‘அம்மா இப்ப வரமாட்டா, போட்டுவிடுங்கோ மாமா’ எண்டவர். நீங்கள் மாமாவைப் பிழையா நினைக்கக்கூடாது எண்டு சொல்லுறன்.”

அந்தப் பிள்ளை நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். “ஓம் பிள்ளை” என்றாள் பத்மாசினி. “நல்ல நேரம் போகக்கூடாதுதானே.” வீட்டுக்கு வந்து காசைப் பெட்டியில் போட்டாள். கற்பூரம் வைக்கவில்லை. மகனிடம் எதுவும் கேட்கவுமில்லை. கேட்டால் அவன் ஒரு பதில் சொல்லக்கூடும்; அதைக் கேட்க அவளுக்குத் தைரியமில்லை. ஐயாயிரங்களை வங்கியில் போட்ட கத்தரீனா, அங்கே ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்றாள்.

கலியாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. சந்தையாரும் வந்து பின்வரிசையில் இருந்தார்கள். இன்னாசித்தம்பி சால்வை போட்டிருந்தார். தாலியும் கூறையும் வைத்த தட்டு, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பதற்காக வரிசை வரிசையாக வந்தது. பத்மாசினிக்குப் பின்னாலிருந்து நமசிவாயத்தின் மனைவியின் குரல் கேட்டது. கனடாவிலிருந்து வந்த யாருக்கோ அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். “கூறை எங்கடை இவர் எடுத்துக் குடுத்தது. அவையளிட்டை அண்டைக்குச் சரியான காசு இல்லை, பாவங்கள்.”

தட்டு பத்மாசினியின் முன்னால் வந்து நின்றது. அரக்குச் சிவப்பு, பொன் வேலை. அவள் கையை நீட்டித் தாலியை மட்டும் தொட்டாள். கணவன் விற்ற வள்ளத்தைத் தொட்டதுபோல் இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

தட்டு நகரவில்லை. வீடியோக்காரன் விளக்கை அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினான்.

“அம்மா, மாப்பிள்ளையின்ரை அம்மாவெல்லே நீங்கள்? இன்னொருக்காத் தொடுங்கோ. கூறையிலை கையை வையுங்கோ, அதுதான் வடிவா வரும்.”

மணவறையிலிருந்து சுபாங்கன் பார்த்துக்கொண்டிருந்தான். வரிசையிலிருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கூறையில் கையை வைத்தாள்.

“அப்பிடியே பிடியுங்கோ” என்றான் வீடியோக்காரன். “கொஞ்சம் சிரியுங்கோ அம்மா.”